திறந்த மூலம் என்றால் வீட்டைத் திறந்து போடுவது அல்ல

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த வீடியோவை நானும் பார்த்தேன். "ஓப்பன் சோர்ஸ்னா நம்ம வீட்டுக் கணக்கை ஊருக்கே திறந்து வைக்கிறதா?" என்று அந்தப் பெரியவர் கேட்டார், சபை சிரித்தது. நம் வீடுகளில் கிடக்கும் பழைய கணக்கேடு, ஓலை, போட்டோ எல்லாவற்றையும் 'ஓப்பன் சோர்ஸ்', அதாவது திறந்த மூல மென்பொருளில் பதிந்து வைக்க நாங்கள் நான்கு பேர் எட்டு மாதம் உட்கார்ந்து போட்ட திட்டம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது.

திறந்திருப்பது மென்பொருளின் நிரல். உங்கள் வீட்டு ஏடு அல்ல. நாங்கள் சொன்ன 'ஆக்சஸ் டு மெமரி' என்ற ஆவணக் காப்பக மென்பொருளில் ஒரு பதிவை 'வரைவு' என்றே வைத்திருந்தால் வெளியாள் கண்ணில் அது படாது. இதைக் கூட்டத்தில் மூன்று தடவை சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினால்தான் பாதுகாப்பு என்கிறீர்கள். 2012இல் நாங்களும் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு போட்டோவிலும் யார் யார் என்று சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். நான்கு வருடத்தில் அந்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். உரிமம் காலாவதி, மென்பொருள் திறக்கவில்லை, உள்ளே இருப்பதை எடுக்கவும் வழியில்லை. அப்பத்தாவும் போய்விட்டார். ரங்கூன் மொகல் தெருவில் நம்மவர்கள் தொழில் நடத்திய கிட்டங்கியின் வாசலில் நிற்கும் ஏழு பேரில் மூன்று பேரின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெயர்கள் என் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. என்னால் படிக்க முடியவில்லை. அதனால்தான் நம் தரவை நாம் நினைத்த நேரத்தில் வெளியே எடுக்க முடிய வேண்டும் என்று தொண்டை வற்றக் கத்தினேன்.

"நூலகத்துக்கு கோஹா மென்பொருள் இருக்கிறதே, அது போதாதா?" என்றார் ஒருவர். கோஹா நல்ல மென்பொருள், ஆனால் புத்தகத்துக்கு. நம் பெட்டகத்தில் இருப்பது ஓலையும் தாளும் சேர்த்துக் கட்டிய கட்டு. வீடு, பெட்டி, கட்டு, அதற்குள் ஓலை என்று படிப்படியாக விவரிப்பதுதான் பன்னாட்டு ஆவணக் காப்பக மன்றம் வகுத்த நெறி. கட்டைப் பிரித்துத் தனித்தனித் தாளாக்கினால் எந்தக் கடை எந்தக் கடைக்குக் கொடுத்த கடன் என்ற தொடர்பே அறுந்துவிடும்.

தேதியையே பாருங்கள். பேரேட்டில் 'பிங்கள வருடம் ஆவணி' என்று இருக்கிறது. அது 1917ஆ, 1977ஆ? அறுபது வருடச் சுழற்சி. நாள், மாதம், ஆண்டு என்று எண்ணாகக் கேட்கும் கட்டத்தில் எதைப் போடுவது? எழுதியிருப்பதை அப்படியே ஒரு இடத்தில், நாம் கணித்த ஆண்டை இன்னொரு இடத்தில் வைக்க வேண்டும். இதை முதலிலேயே யோசிக்காமல் மென்பொருளை வாங்கி என்ன பயன்?

கெட்டுப்போனால் யார் பார்ப்பது என்று கேட்டீர்கள். நியாயம்தான். சர்வர் வாடகை உண்டு, நகல் எடுத்து வைக்க வேண்டும், ஒரு ஆளுக்குச் சம்பளம் தர வேண்டும். செலவே இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் வாங்கியது கெட்டபோது யார் வந்து பார்த்தார்கள்? ஒருத்தரும் வரவில்லை.

"காகிதத்துக்கு ஏன் இவ்வளவு பாடு?" என்ற கமெண்ட் இரண்டு நாளாக மனதை அறுக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நம் வீட்டு நிலைக்கதவும் தூணும் விலைக்கு நிற்கின்றன. கதவுக்காவது விலை கேட்க ஆள் இருக்கிறது. கணக்கேடு எடைக்குப் போகிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த பழைய புத்தகங்களையும் இதழ்களையும், 1992இல் அவர் இறந்த பிறகு வாங்கிக் காப்பாற்றியது சிகாகோ பல்கலைக்கழகம். இன்று அது சென்னையில் பத்திரமாக இருக்கிறது, சந்தோஷம். ஆனால் பக்கத்து ஊர்க்காரர்கள் நாம் அன்றைக்கு என்ன செய்தோம்?

சரி, சபை வேண்டாம் என்றால் வேண்டாம். அந்தப் பேரேடு என் மேசையில்தான் இருக்கிறது. மாகாணி, வீசம் போன்ற பழைய பின்ன அளவுக் குறிகளைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் வரும் ஞாயிறு காலை வீட்டுக்கு வாருங்கள். வண்டி அனுப்புகிறேன்.