ஈசிஜி நார்மல் என்றால் துடிப்பில் கோளாறே இல்லையா?

ஒருவர், ஈசிஜி நார்மல் என்று வந்துவிட்டால் இதயத் துடிப்பில் கோளாறே கிடையாது, படபடப்பெல்லாம் மனப்பயம்தான் என்று எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்கிறார்கள். அது சரியில்லைங்க. வழக்கமான 12 லீட் (இதயத்தை 12 கோணங்களில் பதியும்) ஈசிஜி தாளில் பதிவாவது சுமார் 10 விநாடித் துடிப்பு மட்டும்தான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு, பலருக்கு விட்டுவிட்டுத்தான் வரும். அது வந்திருக்கும் நேரத்தில் எடுத்தால், உயரமாக நிற்கும் கூர்முனைகளுக்கு இடையிலுள்ள தூரம் ஒன்றுபோல இருக்காது, ஒவ்வொரு முனைக்கும் முன்னால் தெரியவேண்டிய சின்ன மேடு, அதாவது பி அலை, இல்லாமல் அந்த இடத்தில் கோடு நடுங்கினாற்போல ஓடும். அடங்கியபின் எடுத்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

நீங்களே சரிபார்க்கலாம். வீட்டில் பழைய ஈசிஜி இருந்தால் எடுத்துப் பாருங்கள், ஓரத்தில் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் என்று வேகம் அச்சாகியிருக்கும். அந்த வேகத்தில் ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. அடியில் நீளமாக ஓடும் வரியில் பெரிய கட்டங்களை எண்ணுங்கள், பெரும்பாலும் சுமார் 50 கட்டம் வரும், அதாவது 10 விநாடி. அந்த 10 விநாடிக்குள் வராத கோளாறு தாளில் எப்படித் தெரியும்? அதற்காகத்தான் 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பிலேயே மாட்டிவிட்டு, துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் கருவி இருக்கிறது. படபடப்பு திரும்பத் திரும்ப வந்தால் அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.