ஒல்லியானவர்களுக்கும் பிபி வரும்
எடை குறைந்தால் ரத்த அழுத்தம் தானாக இறங்கிவிடும் என்று இந்தப் பக்கத்தில் வந்த கட்டுரை சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது. என் அக்கா ஒல்லியான உடம்புக்காரர். அவருக்கே ரத்த அழுத்தம் 160/100 என்று அதிகமாக இருந்தது. மருத்துவர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை, என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். மூட்டுவலிக்காகத் தினமும் ஐபுரூஃபன் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேங்க வைத்து அழுத்தத்தை ஏற்றிவிடும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். இதைக் கட்டுரையில் ஒரு வரியாவது சேர்த்திருக்க வேண்டும். பரம்பரை, உப்பு, மது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது என்று வேறு காரணங்களும் உண்டு. கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர், 'நான் ஒல்லி, எனக்கு எதற்குப் பரிசோதனை' என்று எழுதியிருக்கிறார். அப்படி விட்டுவிடாதீர்கள் நண்பரே, பெரும்பாலும் இதற்கு அறிகுறியே இருக்காது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள்.