மைக் டைசனை எந்த வரிசையில் உட்கார வைப்பது?

2024 நவம்பரில் டெக்சாசின் ஆர்லிங்டன் நகரில், 58 வயது முன்னாள் ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சாம்பியன் மைக் டைசன், தன் வயதில் பாதிகூட ஆகாத, யூடியூபிலிருந்து குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் பாலிடம் புள்ளிக் கணக்கில் தோற்றார். மறுநாள் எங்கள் அலுவலக உணவு இடைவேளையில் பேச்சு முழுக்க அதைப் பற்றியே ஓடியது. "அண்ணே, வயசான காலத்துல வந்து தோத்தா என்ன? குத்துச்சண்டைன்னா டைசன்தான். அவருக்கு மேல ஒருத்தன் கிடையாது" என்று என்னைவிட இருபது வயது இளைய நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். ஆர்லிங்டன் போட்டியை யாரும் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. அது பணத்துக்காக நடந்த காட்சி. ஆனால் "மேல ஒருத்தன் கிடையாது" என்ற சொல் மட்டும் அன்று முழுவதும் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்ததால், இந்தப் பதிவை எழுதுகிறேன்.

நானும் ஒரு காலத்தில் அந்த நண்பரைப் போலவே பேசியவன் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டைசனின் ஆரம்பகாலப் போட்டிகளின் வீடியோ கேசட் ஒன்று எங்கள் தெருவில் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாடா தேய்ந்து திரையில் கோடு கோடாக ஓடியபோதும் நாங்கள் அதை விடவில்லை. 1986 நவம்பர் 22 அன்று லாஸ் வேகசில் டிரெவர் பெர்பிக்கை இரண்டாம் சுற்றில் அவர் வீழ்த்திய காட்சியை அதில்தான் பார்த்தேன். ஒரே ஓர் இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து. பெர்பிக் விழுகிறார், எழ முயல்கிறார், கால்கள் அவருடைய சொல்லைக் கேட்காமல் தள்ளாடிக் கயிற்றின் மேல் சாய்கிறார், மறுபடி எழுந்து மறுபடி விழுகிறார். நடுவர் மில்ஸ் லேன் அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்திப் போட்டியை முடிக்கிறார். 20 வயதும் நான்கு மாதமும் ஆன ஒருவர் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனது குத்துச்சண்டை வரலாற்றில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

டைசனை வெறும் முரட்டு பலசாலி என்று நினைப்பவர்கள் உண்டு. அவரைக் குறைத்து மதிப்பிடுகிறவர்களும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர்களும் சேர்ந்தே செய்யும் தவறு இது. ஹெவிவெயிட் பிரிவுக்கு அவர் குள்ளமானவர்; உயரம் ஐந்தடி பத்து அங்குலம்தான். தன்னைவிட அரையடி உயரமானவர்களின் நீண்ட கைகளைக் கடந்து உள்ளே நுழைந்தாக வேண்டும். அதற்கான வழியைக் கற்றுக்கொடுத்தவர் பயிற்சியாளர் கஸ் டமாட்டோ. 1956இல் 21 வயது ஃபிளாய்ட் பேட்டர்சனை அதுவரை இருந்தவர்களிலேயே இளைய ஹெவிவெயிட் சாம்பியனாக ஆக்கிய அதே கிழவர்தான், அந்தச் சாதனையை முறியடிக்கும் பையனையும் வளர்த்தார். இரண்டு கையுறைகளையும் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தலையை ஓயாமல் இடமும் வலமும் ஆட்டியபடி முன்னேற வேண்டும். கயிற்றில் தொங்கும் சிறு பையை ஊசலாட விட்டு, அது முகத்தில் படாமல் இடுப்பையும் கழுத்தையும் மட்டும் அசைத்து விலகும் பயிற்சியைச் சலிக்கச் சலிக்கச் செய்ய வேண்டும். எதிராளியின் குத்து காதோரம் காற்றில் போகும் அந்தக் கணத்தில் டைசனின் வலது கை விலாவில் இறங்கும். விலா வலியில் எதிராளியின் முழங்கை தன்னையறியாமல் கீழே வரும்போது, அதே வலது கை அப்பர்கட்டாக மோவாய்க்கு ஏறும். அவர் குத்திய குத்துகள் நினைவில் நிற்கின்றன. அவர் வாங்காமல் தப்பிய குத்துகளைப் பலரும் கவனிப்பதில்லை. 1986 முதல் 1988 வரையிலான டைசன், என் பார்வையில், தற்காப்பை வைத்துத் தாக்கியவர்.

அந்த இரண்டு ஆண்டுகளின் கணக்கு சாதாரணமானதல்ல. அப்போது உலகப் பட்டத்தை மூன்று அமைப்புகள் தனித்தனியே வழங்கின. பெர்பிக்கிடமிருந்து டபிள்யூ.பி.சி. பட்டம், 1987 மார்ச்சில் ஜேம்ஸ் ஸ்மித்திடமிருந்து டபிள்யூ.பி.ஏ. பட்டம், ஆகஸ்டில் அதுவரை தோல்வியே காணாத டோனி டக்கரிடமிருந்து ஐ.பி.எஃப். பட்டம் என்று மூன்றையும் ஒரே தோளில் போட்டுக்கொண்ட முதல் ஹெவிவெயிட் வீரர் அவர்தான். 1988 ஜனவரியில் முன்னாள் சாம்பியன் லாரி ஹோம்ஸை நான்காம் சுற்றில் வீழ்த்தினார். ஹோம்ஸுக்கு அப்போது 38 வயது, ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஓய்வில் இருந்துவிட்டு வந்தவர் என்று உடனே எதிர்வாதம் வரும். சரிதான். ஆனால் 75 போட்டிகள் ஆடிய ஹோம்ஸை நாக் அவுட் முறையில் வென்றவர் வரலாற்றிலேயே டைசன் ஒருவர்தான். ஹோம்ஸ் இன்னும் முதியவராகி நாற்பதைத் தாண்டிய பிறகு அவரோடு மோதிய சாம்பியன் எவாண்டர் ஹோலிஃபீல்டாலும் புள்ளிகளில்தான் வெல்ல முடிந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம், தோல்வியே அறியாத மைக்கேல் ஸ்பிங்க்ஸ் அட்லாண்டிக் சிட்டியில் 91 வினாடிகளில் முடிந்துபோனார். மணி அடிப்பதற்கு முன்பே அவருடைய முகத்தில் போட்டி முடிந்திருந்தது. அந்தக் கேசட்டில் நான் அதிகம் நிறுத்திப் பார்த்த இடம் அதுதான்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, இவர் எல்லாக் காலத்துக்கும் உரிய முதல் வரிசையில் இல்லை என்று சொல்வதற்கு எனக்கு என்ன துணிச்சல்?

ஒரு வீரரை அளக்க நான் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: வகுத்த திட்டம் பலிக்காத நாளில் அவர் என்ன செய்தார்? வென்ற பட்டியல் யாருக்கும் நீளமாக இருக்கலாம். ஜோ லூயிஸ் 1936இல் மேக்ஸ் ஷ்மெலிங்கிடம் அடி வாங்கி விழுந்தார். 1938இல் அதே ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே முடித்தார். மார்சியானோ 1952இல் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் முதல் சுற்றிலேயே தரையில் விழுந்தார். புள்ளிகளிலும் பின்தங்கியிருந்தவர், 13ஆம் சுற்றில் ஒரே ஒரு வலது கைக் குத்தில் பட்டத்தைப் பிடுங்கினார். முகமது அலி 1971இல் ஃபிரேசியரிடம் தோற்று, பிறகு இரண்டு முறை அவரை வென்றார். லெனாக்ஸ் லூயிஸைத் தோற்கடித்தவர்கள் இரண்டே பேர். இருவரையும் அவர் மறுபோட்டியில் வீழ்த்தினார். டைசனின் கணக்கைத் திறந்து பாருங்கள். தன்னைத் தோற்கடித்த ஒருவரைக்கூட அவர் திருப்பி வென்றதில்லை. தரையில் விழுந்து எழுந்து வென்ற போட்டி ஒன்றுகூட இல்லை. பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டது என்றால், 1999இல் ஃபிரான்சுவா போத்தாவை ஐந்தாம் சுற்றில் வீழ்த்தியதைச் சொல்லலாம். போத்தாவை முறியடித்ததைப் பெருமையாகச் சொல்ல வேண்டிய நிலை ஒரு மகத்தான வீரருக்கு வரக்கூடாது.

1990 பிப்ரவரி 11 ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை நூலகத்தில் செய்தித்தாளைப் பிரித்தபோது முதல் பக்கம் முழுக்க நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். அவரும் இளமையில் குத்துச்சண்டை பழகியவர்தான். கடைசிப் பக்கத்தில் டைசன் தரையில் கிடந்தார். அச்சுப்பிழை என்றே நினைத்தேன். 37 போட்டிகளில் தோல்வியே இல்லாதவரை, சூதாட்டக் கணக்கில் 42க்கு 1 என்று ஒதுக்கப்பட்ட ஜேம்ஸ் பஸ்டர் டக்ளஸ், தாயை இழந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், டோக்கியோவில் பத்தாம் சுற்றில் வீழ்த்தியிருந்தார். எட்டாம் சுற்றில் டக்ளஸ் விழுந்தபோது நடுவர் மெதுவாக எண்ணினார் என்ற புகாரை டைசன் ரசிகர்கள் இன்றும் விடவில்லை. நடுவரின் எண்ணிக்கையைப் பார்த்து எழுவதுதான் வீரரின் வேலை. பத்து எண்ணி முடிப்பதற்குள் எழ வேண்டும்; டக்ளஸ் ஒன்பதில் எழுந்தார். அதோடு விஷயம் முடிந்தது.

அந்தப் போட்டியில் என் மனத்தில் நின்றவை வேறு இரண்டு காட்சிகள். டைசனின் இடது கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தபோது, வீக்கத்தை அமுக்குவதற்கான குளிர்ந்த இரும்புக் கட்டியைக்கூட அவருடைய உதவியாளர்கள் கொண்டு வந்திருக்கவில்லை. ரப்பர் கையுறைக்குள் ஐஸ் தண்ணீரை ஊற்றி அதைக் கண்ணில் வைத்து ஒற்றிக்கொண்டிருந்தார்கள். உலகச் சாம்பியனின் மூலையில் நடந்த கூத்து இது. டமாட்டோ 1985இலேயே இறந்துவிட்டார்; அவருடைய பாணியை அறிந்த பயிற்சியாளர் கெவின் ரூனியை டைசன் 1988இல் விலக்கிவிட்டார். அதன் பிறகு தலையசைவு குறைந்தது, ஒரே குத்தில் முடித்துவிடலாம் என்ற நினைப்பு வளர்ந்தது. டோக்கியோவில் டக்ளஸ் கையை நேராக நீட்டிக் குத்தும் ஜாப் ஒவ்வொன்றும் வந்து படும்படி நின்றவர், பெர்பிக்கை வீழ்த்திய அதே மனிதர் என்று நம்புவது கடினம்.

இரண்டாவது காட்சி, பத்தாம் சுற்றில் விழுந்த டைசன் கை கால்களை ஊன்றித் தவழ்ந்தபடி பல்காப்பைத் துழாவித் தேடியது. கிடைத்ததை ஒரு முனை மட்டும் வாயில் இருக்க, மறுமுனை வெளியே தொங்கக் கவ்விக்கொண்டு எழ முயன்றார். அவரைக் கோழை என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். அன்று அவர் தோற்க விரும்பவில்லை. ஆனால் எப்படி மீள்வது என்பதற்கான விடை அவரிடம் இல்லை, அவர் மூலையில் இருந்த எவரிடமும் இல்லை.

"சிறைதான் அவரைக் கெடுத்தது" என்பது அடுத்த வாதம். 1992இல் பாலியல் வன்கொடுமைக் குற்றம் நிரூபிக்கப்பட்டு, மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்தார். அதை ஏதோ விதி செய்த சதி போல, அவர் ஆட்ட வாழ்வின் காயம் போல எழுதுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை; அங்கே காயப்பட்டவர் வேறொருவர். ரிங்குக்குள் மட்டும் பார்த்தாலும் இந்த வாதம் நிற்காது. டக்ளஸிடம் தோற்றது சிறைக்கு முன்பு. அலியும் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் தன் உச்ச வயதில் மூன்றரை ஆண்டுகளை இழந்தவர்தான். அவருடைய பெருவெற்றிகளில் பாதி திரும்பி வந்த பிறகு கிடைத்தவை.

ஹோலிஃபீல்ட் விவகாரம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் நீட்டவில்லை. 1996 நவம்பரில் 11ஆம் சுற்றில் தோல்வி. 1997 ஜூனில் மூன்றாம் சுற்றில் காதைக் கடித்துத் தகுதி நீக்கம். ஹோலிஃபீல்ட் தலையால் முட்டுகிறார் என்ற டைசனின் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. என்றாலும், அடி வாங்கி வழி தெரியாமல் நிற்கும்போது போட்டியிலிருந்து வெளியேற அவர் கண்டுபிடித்த கதவு அது என்றே நினைக்கிறேன். அன்றும் நடுவர் மில்ஸ் லேன்தான். பெர்பிக்கைக் கட்டிப்பிடித்து டைசனைச் சாம்பியன் ஆக்கிய அதே லாஸ் வேகசில், அதே மனிதர் அவரை வெளியே அனுப்பினார்.

ஆகவே நண்பருக்கு என் பதில் இது. ஒரே ஓர் இரவுக்கு, 1988 ஜூன் மாதத்து டைசனோடு மோத யாரை அனுப்புவாய் என்று கேட்டால், நான் வெகுநேரம் யோசிப்பேன். அலியையும் ஜோ லூயிஸையும் தவிர வேறு பெயரைத் தயங்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் முழு வாழ்வையும் எடைபோட்டால் அலி, ஜோ லூயிஸ், ஹோம்ஸ், ஃபோர்மேன், மார்சியானோ, ஜாக் ஜான்சன், ஹோலிஃபீல்ட், லெனாக்ஸ் லூயிஸ், ஃபிரேசியர் ஆகியோருக்குப் பிறகுதான் அவருக்கு இடம். 2011இல் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது முற்றிலும் நியாயம். அங்கே இருக்கத் தகுதியானவரா என்பது என் கேள்வியே அல்ல.

ஃபிரேசியருக்குக் கீழே வைத்ததைத்தான் அதிகம் பேர் ஏற்க மாட்டார்கள் என்று தெரியும். ஃபிரேசியரும் குள்ளம், அவருக்கும் இடது ஹூக்தான் சொத்து, அவருடைய உச்சகாலமும் குறுகியது. ஆனால் அவர் 1971இல் வீழ்த்தியது அதுவரை தோற்காத முகமது அலியை. 1975இல் மணிலாவில் கண்கள் இரண்டும் வீங்கி மூடிப்போன நிலையில் 15ஆம் சுற்றுக்கு எழப் போனவரைப் பயிற்சியாளர் எடி ஃபட்ச்தான் தோளைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. டைசனை நான் 1960களின் சாம்பியன் சானி லிஸ்டனின் பக்கத்து நாற்காலியில், அவருக்கு ஒரு படி மேலே உட்கார வைக்கிறேன். இருவருமே எதிராளியைப் பயத்தாலேயே பாதி வென்றவர்கள். பயப்படாத ஒருவர் எதிரே வந்து நின்ற நாளில் இருவரிடமும் மாற்று ஏற்பாடு இருக்கவில்லை. நண்பரிடம் இதைச் சொன்னபோது, "லிஸ்டன் யாருண்ணே?" என்று கேட்டார். நாளை உணவு இடைவேளையில் அங்கிருந்து தொடங்க வேண்டும்.