மூட்டையைப் பிரித்து விற்கிற டாக் ஃபுட்

"பாக்கெட்டுக்கு ஏன்க்கா காசைக் கொட்டுறீங்க, லூஸ்ல தர்றேன், அதே ஐட்டம்தான்." எந்த பெட் ஷாப்பில் ஏறினாலும் இதே பாட்டு. இருபது கிலோ மூட்டையைப் பிரித்து, அள்ளி, வெறும் பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டு வாசலில் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதுவும் வெயிலில். கவரில் கம்பெனி பெயர் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, காலாவதி தேதி இல்லை. மூட்டையைக் காட்டுங்கள் என்றால் தூக்கிப் போட்டாச்சாம். முடிச்சை அவிழ்த்து முகர்ந்தால் குப்பென்று பழைய எண்ணெய் வாடை. அடியில் கால்வாசி தூள். கேட்டால், "நாய்க்குத்தானே, இவ்வளவு பாக்குறீங்க?"

ஆமாம், பார்ப்பேன்! அந்த டாக் ஃபுட் உருண்டைகளின் மேல் கொழுப்பைத் தெளித்துத்தான் தயாரிக்கிறார்கள். காற்றுப் பட்டால் அது கெடும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். பலவற்றில் மக்காச்சோளம்தான் பெரும்பங்கு, அதில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். கண்ணுக்குத் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது, நாயின் கல்லீரலையே தின்றுவிடும். 2020 கடைசியிலும் 2021 தொடக்கத்திலும் அமெரிக்காவில் இந்த நஞ்சு கலந்த உணவைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் செத்ததாகப் புகார்கள் வந்தன. அங்கே பாக்கெட்டில் அச்சடித்த எண்ணையும் தேதியையும் சொல்லி, "இதைப் போடாதீர்கள்" என்று அறிவித்துத் திரும்பப் பெற முடிந்தது. இங்கே முடிச்சுப் போட்ட கவரை எதை வைத்துத் தேடுவது? நாய் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தால் டாக்டரிடம் எதைக் காட்டுவது?

பாக்கெட்டும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். முன்பக்கம் பளபளவென்று கோழிக்கால் படம். பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் முதலில் நிற்பது தானியம். எது எடையில் அதிகமோ அதைத்தான் பொதுவாக முதலில் போடுவார்கள். ஆனாலும் அங்கே படிக்கவாவது ஏதோ இருக்கிறது.

உடனே ஒருவர் வருவார், "எங்க வீட்டு நாய் சாம்பார் சோறு தின்னே வளர்ந்துச்சு" என்று. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் ஐயா. பிரியாணி எலும்பு வெந்தது, ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழித்துவிடும். வீட்டில் போடுவதானால் உப்பு, மசாலா இல்லாமல் தனியாக வேகவைத்த கோழியும் சோறும் போடுங்கள், அதுவும் சத்துக் கணக்கை டாக்டரிடம் கேட்டுவிட்டு.

கடைக்காரர்களுக்கு ஒன்று. சில்லறையாக விற்காதீர்கள் என்று சொல்லவில்லை, கையில் காசு குறைவாக இருப்பவர்களும் நாய் வளர்க்கிறார்கள். கம்பெனி பெயர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி, மூட்டையைப் பிரித்த நாள், இந்த நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கவருக்குள் போடுங்கள். அதற்குக்கூட மனமில்லாத கடையில் இனி ஒரு ரூபாய்க்கும் வாங்க மாட்டேன்.