பேஸ்டல் சாக்பீஸ் இல்லை. ரோசால்பா பொழுதுபோக்குக்கு வரையவும் இல்லை

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. ஓவியர்களைப் பற்றிய அந்த நேரலையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பேஸ்டல் என்னும் வண்ணக் கட்டியால் முகங்களை வரைந்தவர், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவே தேடிப்போன வெனிஸ் ஓவியர் ரோசால்பா கரியேரா. அவருக்குக் கிடைத்தது ஒரே வரி: "சாக்பீஸில் அழகழகாக முகம் வரைந்த வசதியான வீட்டுப் பெண்மணி." எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஓவியருக்குப் போய்விட்டார்கள்.

என்ன வசதி? அப்பா வெனிஸில் ஒரு குமாஸ்தா. அம்மா லேஸ் பின்னுகிறவர். மூக்குப்பொடி டப்பா மூடிகளுக்குத் தந்தத்தில் குட்டிப் படங்கள் வரைந்து தொழிலுக்கு வந்தவர் ரோசால்பா. 1705இல் ரோமின் சான் லூக்கா ஓவிய அகாடமி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1720இல் பாரிஸ் போனார். அந்த ஆண்டே பிரெஞ்சு அரச அகாடமியும் சேர்த்துக்கொண்டது. அங்கே சிறுவனாக இருந்த பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயியை வரைந்தார், ஓவியர் வாத்தோவையும் அவர் சாவதற்குச் சில மாதம் முன்பு வரைந்தார். ஜெர்மனியின் சாக்சனியை ஆண்ட ஒருவர் மட்டுமே அவருடைய பேஸ்டல்களை 150க்கும் மேல் சேர்த்து வைத்திருந்தார். இதற்குப் பெயர் பொழுதுபோக்கா? இது தொழில். காசு வாங்கிச் செய்த, பெயர் வாங்கிச் செய்த தொழில்.

சரி, சாக்பீஸுக்கு வருவோம். எண்ணெய் வண்ணத்தில் இருக்கிற அதே நிறமிதான் பேஸ்டலிலும். கொஞ்சம் வெள்ளைப் பொடி, ஒட்டுவதற்குத் துளிப் பசை, அவ்வளவுதான். எண்ணெய் இல்லாததால் மஞ்சளடிக்காது. காயக் காத்திருக்க வேண்டாம், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் சிரமம் குறைவு. ஆனால் அழுத்தித் தேய்த்தால் நிறம் செத்துவிடும். முடித்த படத்தில் விரல் பட்டாலே போயிற்று, கண்ணாடிக்குள்தான் வைக்க வேண்டும். ஒரு கன்னத்தில் ரத்த ஓட்டம் தெரிய வைக்க எத்தனை பூச்சு ஒன்றன்மேல் ஒன்று போகிறது என்று வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நானும் பேஸ்டலில் வரைகிறவள். ஒரு குழுக் கண்காட்சியில் என் படங்களைக் கழிப்பறைக்குப் போகும் நடையில் மாட்டினார்கள். "கூடத்தில் பெயின்டிங் மட்டும்தான் மேடம்" என்றார்கள். அதில் ஒன்று என் அம்மாவின் முகம். அன்று ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்தேன்.

"எல்லா முகமும் ஒரே மாதிரி இனிப்பாக இருக்கிறதே" என்பீர்கள். கற்பனைப் பெண்களை வரைந்த சில படங்களில் அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குளிர்காலத்தின் உருவமாகத் தன்னையே வரைந்த படத்தைப் பாருங்கள், ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கிறது. நரைத்த முடி, பெரிய மூக்கு, எதையும் மறைக்கவில்லை. வெனிஸின் அகாடமியா அருங்காட்சியகத்தில் இருக்கும் கடைசிக் காலத் தன்னுருவத்தை இனிப்பு என்று யாராவது சொல்லட்டும்.

அவருக்குப் பிறகு வந்த பிரெஞ்சு ஓவியர் லா தூரும் பேஸ்டல்காரர்தான். 1755இல் அவர் காட்டிய, பதினைந்தாம் லூயியின் காதலி பொம்பதூர் சீமாட்டியின் படம் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவரை மேதை என்கிறீர்கள். அவர் கையில் இருந்ததும் இதே கட்டிதானே? ஆண் பிடித்தால் மேதைமை, பெண் பிடித்தால் கைவேலையா?

"ஒரு வரிக்கு இவ்வளவு கோபமா" என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், இவ்வளவு கோபம்தான். கண்ணில் புரை விழுந்து, அறுவை செய்தும் பார்வை திரும்பாமல், 1757இல் இருட்டிலேயே இறந்துபோன ஒருத்தி ரோசால்பா. கண் இருந்தவரை உழைத்தார். அவருடைய ஒரு படத்தையாவது திரையில் ஒரு நிமிடம் காட்டியிருக்கலாம். நேரலை நடத்தியவர்களே, அதற்குக்கூட உங்களுக்கு நேரமில்லை.