உண்மை விளக்கம்: நர்ஸ்களைக் கூட்டினால் வெறும் செலவுதானா?

"நர்ஸ்களைக் கூடுதலாகப் போட்டால் பில்தான் ஏறும், நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016 ஜூலையில் 27 அரசு மருத்துவமனைகளின் பொது மருத்துவ, அறுவை சிகிச்சை வார்டுகளுக்கு வரம்பு விதித்தது: ஒரு நர்ஸுக்குச் சராசரியாகப் பகலில் 4 நோயாளிகள், இரவில் 7 பேர். அவற்றை வரம்பு இல்லாத 28 மருத்துவமனைகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2021இல் லான்செட் இதழில் வெளியானது. வரம்பு வந்த இடங்களில், சேர்ந்த 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதாலும், மறுபடி வந்து சேர்வது தவிர்க்கப்பட்டதாலும் மிச்சமான பணம், கூடுதல் நர்ஸ்களுக்கு ஆன செலவைப்போல் இரு மடங்குக்கும் மேல். பில் பயம் காட்டுபவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை!

டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விடுவார். நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சு வாங்குவதையோ பிரஷர் இறங்குவதையோ முதலில் பார்ப்பது நர்ஸ்தான், பார்க்க அவருக்கு நேரம் இருந்தால்.

எண்ணிக்கை மட்டுமே எல்லாம் அல்ல என்பது சரி. பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ நீளும் ஷிப்டில் தவறு நேரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு என்று 2004இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. ஆள் குறைந்தால் ஷிப்டும் நீளும்.