மனையை அளக்கும் விதி தெருவையும் அளக்க வேண்டும்

சென்னையில் நான் குடியிருக்கும் 20 அடித் தெருவில், இரண்டு கிரவுண்ட் (4,800 சதுர அடி) மனையில் இருந்த ஒரு தனி வீட்டை இடித்துவிட்டு, தரைத்தளத்தில் வாகன நிறுத்தமும் மேலே மூன்று மாடிகளுமாகப் பன்னிரண்டு குடியிருப்புகள் கட்டியிருக்கிறார்கள். இதில் விதிமீறல் எதுவும் இல்லை என்பதுதான் என்னை எழுதத் தூண்டியது.

கணக்கு எளிமையானது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தபோது, சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் எஃப்எஸ்ஐ, 1.5இலிருந்து 2 ஆக உயர்ந்தது. 4,800 சதுர அடி மனையில் முன்பு 7,200 சதுர அடி கட்டலாம். இப்போது 9,600 சதுர அடி. அதை 800 சதுர அடி வீடுகளாகப் பிரித்தால் பன்னிரண்டு. வாகன நிறுத்தத் தளம் இந்தக் கணக்கில் சேராது.

எஃப்எஸ்ஐயை உயர்த்தியதே தவறு என்று நான் சொல்லவில்லை. நானும் அடுக்குமாடியில்தான் இருக்கிறேன். நகருக்குள் கட்டவிடாவிட்டால், வேலைக்குப் போகிறவர்கள் செங்கல்பட்டிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் தினமும் ரயிலேறி வர வேண்டியதுதான். என் வருத்தமெல்லாம், அந்த எண் மனையின் பரப்பை அளக்கும் அளவுக்கு அந்த மனை நிற்கும் தெருவின் தாங்குதிறனை அளப்பதில்லை என்பதே. 9,600 சதுர அடியில் நான்கு பெரிய வீடுகள் வந்தாலும் பன்னிரண்டு சிறிய வீடுகள் வந்தாலும் எஃப்எஸ்ஐ ஒன்றுதான்; ஆனால் சமையலறைகளும் கழிவறைகளும் இருசக்கர வாகனங்களும் ஒன்றல்ல. ஒரு குடும்பத்தின் கழிவுநீருக்காக என்றோ இணைத்த குழாயில் இன்று பன்னிரண்டு குடும்பங்களின் கழிவுநீர் இறங்குகிறது. காலை ஏழரை மணிக்குத் தண்ணீர் லாரி வந்து நின்று சம்ப்பில் குழாயைப் போட்டால், அது நிரம்பும்வரை பள்ளி வேன் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வது என்ற கவலை, வயதான பெற்றோரை வைத்திருக்கும் எனக்குத் தினமும் உண்டு.

சாலை அகலத்தை விதிகள் அடியோடு மறந்துவிடவில்லை. அடிப்படை அளவுக்கு மேல் கட்டணம் செலுத்திக் கூடுதலாகப் பெறும் பிரீமியம் எஃப்எஸ்ஐ, 9 மீட்டர் சாலையில் 30 விழுக்காடு, 12 மீட்டரில் 40, 18 மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் 50 என்று படிப்படியாகவே வைக்கப்பட்டிருக்கிறது. மிக நல்ல தர்க்கம் அது. அடிப்படை எஃப்எஸ்ஐக்கும் அதே தர்க்கம் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். குறுகிய தெருக்களில் மொத்தப் பரப்போடு, அந்தத் தெருவில் எத்தனை குடியிருப்புகள் சேரலாம் என்பதற்கும் ஒரு வரம்பு வேண்டும். கழிவுநீர்க் குழாயின் கொள்ளளவைப் பார்த்த பிறகே அனுமதி தர வேண்டும்.

பிரீமியம் எஃப்எஸ்ஐக்காக வழிகாட்டி மதிப்பை (நிலத்துக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு) வைத்து வசூலிக்கும் தொகையில், எந்தப் பகுதியில் எவ்வளவு வந்தது, அதே பகுதியின் குழாய்க்கும் வடிகாலுக்கும் எவ்வளவு திரும்பியது என்ற கணக்கை வார்டுவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.